ஆட்டிசத்துக்காக வாங்கியதும் கொடுத்ததும்: ஒரு சித்தியின் மதிப்புரை

என் அக்கா மகனுக்கு ஆட்டிசம்; பேசுவது, பழகுவது, சுற்றி இருப்பதை உணர்வது எல்லாம் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே வேறு மாதிரி. அவன் வாய்விட்டுப் பேசும் சொற்கள் கொஞ்சம்தான். ஏப்ரலில் ஆட்டிச விழிப்புணர்வு நாள் வந்தால் போதும், நண்பர்களோ கூட வேலை பார்ப்பவர்களோ யாராவது என்னிடம் கேட்பார்கள்: “இந்தக் குழந்தைகளுக்காக ஏதாவது செய்யணும்போல இருக்கு. என்ன வாங்கலாம், யாருக்குக் கொடுக்கலாம்?” நல்ல மனதோடு கேட்கிற கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, எங்கள் குடும்பம் வாங்கிப் பார்த்தது, பயன்படுத்தியது, நன்கொடையாகக் கொடுத்தது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் பார்ப்பது இரண்டு விஷயங்களைத்தான். கொடுத்த பணமோ பொருளோ ஒரு குழந்தையின் கைக்குப் போய்ச் சேர்ந்து அதன் நாளைக் கொஞ்சமாவது சுலபமாக்கியதா? ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகில் சுமார் 127 பேருக்கு ஒருவர் ஆட்டிசம் உள்ளவர். அதில் குழந்தைகளும் உண்டு, தாத்தா பாட்டி வயதில் இருப்பவர்களும் உண்டு. எது உதவியது, எது வலித்தது என்று நமக்குச் சொல்லக்கூடியவர்கள் அந்தப் பெரியவர்கள்தான்.

முதலில் பேட்ஜ், ரிப்பன், டி-ஷர்ட். இவற்றில் பெரும்பாலும் வண்ண வண்ணப் புதிர்த் துண்டு ஒன்று இருக்கும். இந்தச் சின்னத்துக்கு வயது அதிகம். பிரிட்டனில் இன்று நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி என்று அழைக்கப்படும் அமைப்பு 1963-ல் இதை முதலில் பயன்படுத்தியது. அப்போது அந்தத் துண்டுக்குள் அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையின் படமும் இருந்தது. வரைந்தவர் ஒரு பெற்றோர்; அவருடைய அக்கறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புதிர்த் துண்டைப் பார்ப்பவர் மனதில் என்ன தோன்றுகிறது என்று 400 பேரிடம் சோதித்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. குறை, முழுமையின்மை, விசித்திரம் என்ற எண்ணங்களோடுதான் மக்கள் அந்தப் படத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் நீண்ட காலமாகச் சொல்லி வந்ததும் இதேதான். எங்கள் பையனிடம் எந்தத் துண்டும் காணாமல் போகவில்லை. அவன் முழுமையாகத்தான் இருக்கிறான். பேட்ஜ் போட்டே ஆக வேண்டும் என்றால், முடிவிலிக் குறி போட்டதை வாங்குங்கள். படுத்திருக்கும் எட்டுப் போல இருக்கும்; தங்க நிறத்திலோ வானவில் நிறத்திலோ கிடைக்கும். அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆட்டிசம் உள்ளவர்களே.

அதைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, பொருளோடு வரும் அட்டையின் பின்பக்கம். ‘வருமானத்தில் ஒரு பகுதி ஆட்டிசத்துக்கு’ என்று மட்டும் போட்டிருந்தால் நான் வாங்குவதில்லை. எந்த அமைப்புக்கு, விலையில் எவ்வளவு, எந்தத் தேதி வரை என்ற மூன்றும் இருக்க வேண்டும். நேரடியாக அந்த அமைப்புக்கே அனுப்பினால் முழுப் பணமும் போய்ச் சேருமே.

நீல பல்பு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.நா. பொதுச்சபை 2007 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி 2008 முதல் ஏப்ரல் 2 உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அன்று கட்டடங்களை நீல நிறத்தில் ஒளிரவிடும் இயக்கத்தை ஆட்டிசம் ஸ்பீக்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு 2010-ல் தொடங்கியது. ஆட்டிசத்தை ஒரு பேரழிவு போலச் சித்தரித்ததற்காக அந்த அமைப்பின் மேல் கோபம் கொண்ட ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், நீலத்துக்குப் பதிலாகச் சிவப்பு அணிகிறார்கள். வாசலில் பல்பு எரிவதால் அக்காவுக்கோ பையனுக்கோ ஒன்றும் மாறவில்லை. அவ்வளவுதான்.

இனி நான் மனதாரப் பரிந்துரைக்கும் பொருளுக்கு வருகிறேன்: இயர் மஃப், அதாவது காதை முழுக்க மூடும், சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 நோயறிதல் கையேட்டில்தான் ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு மிகையாகவோ மிகக் குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. வீட்டில் இருக்கும் எங்களுக்கு அது எப்போதோ தெரியும். மிக்ஸி ஓடினால் அவன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்வான். கைகள் இரண்டும் காதில் இருந்தால் வேறு எதைத்தான் செய்ய முடியும்? இயர் மஃப் வந்ததும் கைகள் விடுபட்டன. விளையாட, படம் காட்டிப் பேச, அம்மாவின் கையைப் பிடிக்க அவனால் முடிந்தது. நான் பார்த்த மாற்றங்களில் இவ்வளவு விரைவாக வந்தது வேறு இல்லை.

இயர் மஃபில் இரண்டு வகை உண்டு என்பதை வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, தடித்த நுரை வைத்த, பேட்டரி இல்லாத சாதாரண வகை. இன்னொன்று, உள்ளே இருக்கும் மின்கருவி எதிர் ஒலியை உண்டாக்கிச் சத்தத்தை அடக்கும் வகை. இரண்டாவது விலை கூடியது என்பதால் அதுதான் சிறந்தது என்று பலர் பரிசாக வாங்கிவிடுகிறார்கள். அது விமான இரைச்சல், மின்விசிறி, மோட்டார் மாதிரி தொடர்ந்து வரும் தாழ்ந்த ஒலிக்கு நன்றாக வேலை செய்யும். திடீரென்று அடிக்கும் ஹாரன், மணி, குழந்தையின் அலறல், இவற்றை அதன் மின்கருவியால் அவ்வளவாகப் பிடிக்க முடியாது. பல குழந்தைகளைப் பதற வைப்பது இந்தத் திடீர் ஒலிகள்தான். ஆகவே எங்கள் அனுபவத்தில் பேட்டரி இல்லாத சாதாரண வகைக்கே முதலிடம். சார்ஜ் தீராது, விழுந்தால் கெடாது, விலையும் குறைவு.

எவ்வளவு சத்தத்தைக் குறைக்கும் என்று பெட்டியின் மேல் டெசிபல் கணக்கில் ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் 20-லிருந்து 30-க்குள். அது ஆய்வகத்தில் அளந்தது; தலையில் சரியாகப் பொருந்தாவிட்டால் அந்த அளவு கிடைக்காது. அதனால் எண்ணைவிடப் பொருத்தம் முக்கியம். பெரியவர்கள் அளவை வாங்கிக் கொடுத்தால் காதுக்குக் கீழே இடைவெளி விழும். இறுக்கம் அதிகமானால் குழந்தை பிடுங்கி எறியும். மெத்தை வெடித்துக் கிழிந்தால் மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மொத்தமாக வாங்கி ஒரு மையத்துக்குக் கொடுப்பதாக இருந்தால் ஒரே அளவில் இருபது வாங்குவதற்குப் பதிலாக, அங்கே இருக்கும் சிறப்பு ஆசிரியரிடம் அளவு கேட்டு வாங்குவதுதான் சரி.

குறையும் உண்டு. நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருந்தால் சின்ன ஒலிகூடப் பெரிதாகக் கேட்க ஆரம்பிக்கலாம் என்று காது நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். சத்தமான இடத்துக்குப் போகும்போது போட்டு, அமைதியான இடத்தில் கழற்றப் பழக்குவது நல்லது. ஆனால் குழந்தையின் தலையிலிருந்து யாரும் அதைப் பறிக்கக் கூடாது. அப்புறம், தெருவில் போகும்போது வண்டி வரும் சத்தம் அவனுக்குக் கேட்காது. பெரியவர்களில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

எடைப் போர்வை, அதாவது உள்ளே எடை வைத்துத் தைத்த போர்வை பற்றிக் கேட்பவர்களும் நிறைய. கனமாக மேலே போர்த்தியிருந்தால் குழந்தை நன்றாகத் தூங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். 2014-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஒரு காலம் எடைப் போர்வையும் ஒரு காலம் சாதாரணப் போர்வையும் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் கூடவில்லை. ஆனால் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் எடைப் போர்வையே பிடித்திருந்தது. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். தூக்கம் மாறவில்லை, மாலையில் அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்வது அவனுக்குப் பிரியம். பிரியமான பொருள் என்ற அளவில் அது எனக்குப் போதும். கைக்குழந்தைகளுக்கு ஒருபோதும் வேண்டாம். தானாகவே விலக்கிக்கொள்ளத் தெரியாத எந்தக் குழந்தைக்கும் வேண்டாம். இதைச் சொல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

படப் பலகை. இதைப் பற்றி என்னால் நிறுத்தாமல் பேச முடியும். பேச்சு வராத, அல்லது பதற்றத்தில் பேச்சு நின்றுவிடும் குழந்தை, படத்தைத் தொட்டுக் காட்டித் தன் மனதில் இருப்பதைச் சொல்வதற்கான பலகை. படத்தைக் கையில் எடுத்துக் கொடுத்துக் கேட்கும் பெக்ஸ் என்ற முறை 1985-லிருந்து இருக்கிறது. 2009-லிருந்து புரோலோகுவோ2கோ போன்ற செயலிகள் வந்து, தொட்டால் குரலாகச் சொல்லும் வசதி கைக்கணினியிலேயே கிடைத்துவிட்டது. “இதைக் கொடுத்தால் பேசவே மாட்டானே” என்று பயப்படும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை: இது பேச்சைத் தடுப்பதாக ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு கூடவே செய்திருக்கிறது.

கடையில் தயாராகக் கிடைக்கும் பலகைகளில் பல எனக்குத் திருப்தி இல்லை. பழம், பந்து, பொம்மை, பால் என்று பொருள்களின் படங்களாகவே இருக்கும். ஒரு குழந்தைக்கு நாள் முழுக்கத் தேவைப்படும் சொற்கள் வேறு: வேண்டும், வேண்டாம், இன்னும், போதும், நிறுத்து, உதவி, வலிக்கிறது, பயமாக இருக்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்ல வழியே இல்லாத பலகை, குழந்தையைக் கேட்டதற்கெல்லாம் தலையாட்ட மட்டுமே பழக்கும். தன் உடம்பைத் தொடாதே என்று சொல்லக்கூட அதற்கு வழி இருக்காது. வாங்கும்போது முதலில் தேட வேண்டிய படம் அதுதான். அடுத்தது, அந்த வீட்டில் பேசும் மொழியில் சொற்கள் இருக்கின்றனவா என்பது.

ஒரு நாள் அவன் காலையிலிருந்து தலையைக் கையால் அடித்துக்கொண்டே இருந்தான். பிடிவாதம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் உண்டு. அக்கா பலகையை எடுத்து முன்னால் வைத்தாள். ‘வலி’ படத்தைத் தொட்டான், பிறகு காதைத் தொட்டான். டாக்டர் பார்த்தபோது காதுக்குள் புண் வைத்திருந்தது. லேமினேட் செய்த ஒரு தாள் செய்த வேலை இது. இதற்கு நான் எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் போதாது.

தொண்டு அமைப்புகள் வழியாக இதைக் கொடுக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பலகையோடு பயிற்சியும் கொடுக்கிறார்களா? நாம் குழந்தையோடு பேசும்போது நாமும் அந்தப் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். நாம் பேசுவதைக் கேட்டுத்தானே எந்தக் குழந்தையும் பேசக் கற்கிறது? அப்படிப் பழக்க ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் அம்மா அப்பாவோடும் ஆசிரியரோடும் மாதக்கணக்கில் உட்கார வேண்டும். கைக்கணினிகளை வரிசையாக அடுக்கி வைத்துப் போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனால், அவை அலமாரியிலேயே கிடக்கும். தெரபிஸ்டின் மணி நேரத்துக்குப் பணம் கேட்கும் அமைப்புக்குக் கொடுங்கள். போட்டோவில் அழகாக விழாத செலவு என்பதால் அதற்குத்தான் எப்போதும் பணம் கிடைப்பதில்லை.

சூரியகாந்திப் படம் போட்ட பச்சைக் கழுத்துப் பட்டை ஒன்று உண்டு. 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் தொடங்கி இப்போது பல நாடுகளில் பரவியிருக்கிறது. வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் இவர், கொஞ்சம் கூடுதல் நேரம் தேவைப்படலாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லும் அடையாளம். பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருக்கும் இடத்தில் இது பெரிய ஆறுதல். பயிற்சி இல்லாத இடத்தில் வெறும் பட்டைதான். நீங்கள் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தால், பட்டை வாங்கிக் கொடுப்பதைவிட உங்கள் நிறுவனம் அந்தப் பயிற்சியில் சேரச் செய்வது பெரிய உதவி. அணிவதா வேண்டாமா என்பதை மட்டும் அணிபவரே முடிவு செய்யட்டும்.

சரி, பணம் யாருக்கு? அமைப்புகளின் பெயர்ப் பட்டியல் தர மாட்டேன். எப்படிப் பார்த்து முடிவு செய்கிறேன் என்று சொல்கிறேன். ஆட்டிசத்தைக் ‘குணப்படுத்துகிறோம்’ என்று எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். குளோரின் டையாக்சைடு என்ற வெளுப்புத் திரவத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்னவர்கள் உண்டு. உடம்பிலிருந்து உலோகங்களை வெளியேற்றுவதாகச் சொல்லும் செலேஷன் சிகிச்சையின்போது 2005-ல் ஒரு சிறுவனின் உயிரே போனது. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற தவறான நம்பிக்கைக்கு வித்திட்ட 1998-ம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் மருத்துவ இதழ் 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. இன்னும் அதைச் சொல்லிப் பணம் திரட்டும் அமைப்புக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். குழந்தையின் கையை இன்னொருவர் பிடித்துத் தட்டச்சு செய்ய வைத்து, அதைக் குழந்தையின் சொற்கள் என்று காட்டும் முறையும் அப்படியே. அமெரிக்கப் பேச்சு, செவித்திறன் நிபுணர்கள் சங்கம் 2018-ல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

அடுத்து, நிர்வாகக் குழுவில் ஆட்டிசம் உள்ளவர் யாராவது இருக்கிறாரா என்று பார்ப்பேன். ஆண்டறிக்கையும் தணிக்கைக் கணக்கும் கேட்டால் தருகிறார்களா என்று பார்ப்பேன். பதினெட்டு வயதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்பேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு எத்தனையோ பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். அக்காவின் தூக்கத்தைக் கெடுப்பதோ அந்தக் கேள்விதான். தொழிற்பயிற்சி, வேலை, தனியே தங்கும் இடம் என்று ஏதாவது ஒரு பதில் வைத்திருக்கும் அமைப்பை நான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வேன்.

குழந்தையின் படத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஓர் அமைப்பு, நன்கொடை வீடியோவுக்காக எங்கள் பையன் மெல்ட்டவுனில் இருக்கும்போது எடுத்த காட்சி வேண்டும் என்று அக்காவிடம் கேட்டது. “அப்போதுதான் பார்ப்பவர்களுக்கு மனசு இளகும்” என்றார்கள். சத்தமும் வெளிச்சமும் தாங்காமல், தன் உடம்பு தன் பிடியில் இல்லாமல் ஒரு குழந்தை தவிக்கும் நேரம் அது. உங்களையோ என்னையோ அப்படி ஒரு நேரத்தில் படம் எடுத்து ஊருக்குக் காட்டினால் பொறுத்துக்கொள்வோமா? அக்கா மறுத்துவிட்டாள். அந்த அமைப்போடு எங்களுக்கு அதன் பிறகு தொடர்பு இல்லை. பையன்கள் நீந்துவதையும் தோட்டத்தில் மண் கிளறுவதையும் காட்டிப் பணம் கேட்கும் அமைப்புகள் இருக்கின்றன. அவர்களுக்கும் பணம் வரத்தான் செய்கிறது.

கொடுக்கும் விதத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: ஏப்ரலில் ஒரு பெரிய தொகையைவிட, மாதாமாதம் ஒரு சிறிய தொகை மேல். சிறப்புப் பள்ளிகளும் தெரபி மையங்களும் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் ஒரு ஆசிரியரை வேலைக்கு வைக்க முடியும். ஆசிரியர் மாறிக்கொண்டே இருந்தால் மாற்றமே பிடிக்காத இந்தக் குழந்தைகள்தான் அதிகம் வாடுகிறார்கள். எங்கள் பையனுக்கு ஒரு தெரபிஸ்ட் நின்றுபோனபோது, அவன் கற்றதில் பாதியை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ‘இந்தப் பொம்மைக்கு மட்டும்’ என்று கட்டுப்பாடு போடாமல் கொடுங்கள். வாடகையும் மின்கட்டணமும் கட்டாவிட்டால் வகுப்பறையே இருக்காது.

பணம் கொடுக்க வசதியில்லாதவர்கள் தங்களால் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். என் பட்டியலில் உச்சியில் இருப்பது காசில்லாத உதவி. தெரிந்த குடும்பம் ஒன்றில் ஆட்டிசம் உள்ள குழந்தை இருந்தால், வாரத்தில் ஒரு மாலை குழந்தையோடு இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அம்மா தூங்கலாம், மூத்த பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியே போய்வரலாம். அந்த மூத்த பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை என்பது தனிக் கதை. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி ஒருவர் இதைச் செய்கிறார். எந்தப் பயிற்சியும் எடுத்தவரில்லை. முதலில் சில வாரங்கள் அக்கா கூடவே இருந்தாள், அவர் எட்டத்தில் உட்கார்ந்து அவன் அடுக்கும் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவனே ஒரு கட்டையை நீட்டினான்.

இப்படி வர விரும்புகிறவர்களுக்கு அக்கா சொல்வது இவ்வளவுதான். சென்ட் போட்டுக்கொண்டு வராதீர்கள். கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கையை உதறினாலோ முன்னும் பின்னும் ஆடினாலோ தடுக்காதீர்கள், அது அவன் தன்னைச் சமாளிக்கும் வழி. கேள்வி கேட்டால் பதிலுக்கு அவகாசம் கொடுங்கள். வருவதற்கு முன்னால் உங்கள் போட்டோ ஒன்றை அனுப்புங்கள். அவனுடைய அன்றைய அட்டவணையில் ஒட்ட வேண்டும். வர முடியாமல் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒட்டிய படத்தை அவன் பார்க்கும் முன் எடுத்துவிடலாம்.